ஓம், வோல்ற், அம்பியர்

கப்பல் இடப்பக்கம் சாய்கிறது. நிற்க முடியவில்லை. தவழ்கிறேன். கம்பியில்லாத் தந்தி அறையின் கதவு நிலையோடு இறுகிவிட்டது. தோளால் இடிக்கிறேன். திறக்கிறது.

முதற்சத்தம் முடிந்துவிட்டது. அது வெடிச்சத்தம் போல இல்லை. பெரிய இரும்புக் கதவை யாரோ கோபத்தில் அடித்துச் சாத்தியதுபோல இருந்தது. அடுத்தது நீராவி. பிறகு சமையலறைத் தட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து உடைகின்றன. கடைசித் தட்டுவரை கேட்கிறேன்.

1943 மே 23. ஞாயிறு. பொழுது சாய்ந்த மம்மல் நேரம். மடகாஸ்கருக்கும் ஆபிரிக்கக் கரைக்கும் நடுவே. பிரித்தானியச் சரக்குக் கப்பல். துணைக்குப் போர்க்கப்பல் இல்லை. அந்தக் கடலில் நின்ற ஜேர்மன் நீர்மூழ்கிகள் திரும்பிவிட்டன என்று புறப்படும்போது சொன்னார்கள். நீர்மூழ்கிகளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

எனக்கு இருபது வயது. இரண்டாம் தந்தியாளன். ஒழுங்குமுறைகள் எல்லாம் மனப்பாடம். எஸ் என்ற எழுத்து நான்கு தடவை. நீர்மூழ்கி தாக்குகிறது என்று பொருள். பிறகு நிற்கும் இடம். இரண்டு முறை அனுப்பினேன். மூன்றாம் முறை மின்சாரம் போய்விட்டது. சங்கேதப் புத்தகங்கள் ஈயம் கட்டிய பைக்குள். பை கடலுக்குள். எல்லாம் விதிப்படி நடந்தது. கப்பலும் விதிப்படி தாண்டது.

இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிஞ்சின. ஒன்றுக்கு மோட்டார் உண்டு. அதில் வெள்ளைக்காரர்கள், சமையற்காரர், நான். தந்திக் கருவி என்னிடம் இருந்ததால் எனக்கு அந்த இடம். மற்றது துடுப்புப் படகு. அதில் தளத்து ஆட்களும் இயந்திர அறை ஆட்களும். வங்காளத்துச் சில்லெட்காரர், மலபார்க்காரர், இலங்கையர். அவர்களில் ஒருவன் கனகு. என் தாய்மாமன் மகன். இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் வேலை. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். பௌதிகத்தில் தவறியவன்.

தண்ணீர் வடியும் சத்தம் கேட்கிறது. நீளமான கறுப்பு முதுகு ஒன்று எழும்புகிறது. பிறகு டீசல் இயந்திரத்தின் உறுமல். பிறகு வெளிச்சம் முகத்தில்.

எங்கள் கப்டன் மேற்தளத்தோடு போய்விட்டார். மிஞ்சியவர்களில் பெரியவர் முதலாம் அதிகாரி. நீர்மூழ்கிகள் மிஞ்சிய பெரிய அதிகாரியைக் கைதியாகக் கொண்டுபோகும். அது அவர்களுடைய ஒழுங்குமுறை. எங்கள் முதலாம் அதிகாரிக்கும் அது தெரியும். கோட்டைக் கழற்றினார். தொப்பியை மறைத்தார். பாய்ச்சீலைக்குக் கீழே படுத்துக்கொண்டார். "நீ பேசு" என்று என் காலைத் தட்டினார்.

மேலே இருந்து ஆங்கிலத்தில் கேள்விகள். கப்பலின் பெயர் என்ன. என்ன சரக்கு. எங்கிருந்து. சொன்னேன். கடைசிக் கேள்வி: அதிகாரிகள் எல்லாரும் செத்துவிட்டார்களா?

"ஓம்."

வாயில் வந்தது அதுதான், எங்கள் ஊர் 'ஆம்'. ஆங்கிலம் படிப்பித்த குருமார் எல்லாரும் அந்த இடத்தில் என்னைக் கைவிட்டார்கள். யாழ்ப்பாணம் மட்டும் வந்து நின்றது.

மேலே ஒருவன், "ஓம்?" என்றான். சிரிப்பு. இன்னொருவன் கத்தினான். "வோல்ற்! அம்பியர்!" சிரிப்புப் பெரிதானது. மின்தடையின் அலகைச் சொல்லிவிட்டேனாம். விளக்கு அணைந்தது. நீர்மூழ்கி விலகியது.

துடுப்புப் படகிலிருந்து கனகுவின் குரல் வந்தது. "மச்சான், பௌதிகம் பாஸ்!"

அவன் சொன்ன கடைசி முழு வசனம் அது.

விடிகிறது. மே 24. கடல் தட்டையாகக் கிடக்கிறது. காற்று இல்லை. மோட்டார் படகு முன்னே. துடுப்புப் படகு பின்னே. நடுவில் இழுவைக் கயிறு. என் மணிக்கட்டளவு தடிப்பு. புதுக் கயிறு. மேற்கே ஆபிரிக்கக் கரையை நோக்கிப் போகிறோம். சூரியன் முதுகுப் பக்கம்.

நான் படகின் முன்முனையில், அணியத்தில், முன்னே பார்த்தபடி இருக்கிறேன். மடியில் கைத் தந்திக் கருவி. காதுகளை மூடிய தலைக்கேட்பான். சமையற்காரர் எனக்கு எதிரே, பின்பக்கம் பார்த்தபடி, கருவிக்கு மின்சாரம் வரக் கைப்பிடியைச் சுற்றுகிறார். நான் எஸ் அடிக்கிறேன். நான்கு தடவை. காதில் இரைச்சல் மட்டும்.

பலகையில் அதிர்வு. டக். சற்றுப் பொறுத்து இன்னொன்று. டக். கேட்கவில்லை. இருக்கையில் உணர்ந்தேன். மோட்டார் இருமுகிறது என்று நினைத்தேன். சமையற்காரர் ஒரு கணம் சுற்றுவதை நிறுத்தினார். "சுற்றுங்கள்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சுற்றினார்.

படகு திடீரென்று இலேசானது. கேட்பானைக் கழற்றினேன். திரும்பினேன்.

"கயிறு பார்ட்டட்!" முதலாம் அதிகாரி கத்துகிறார். கப்பற்காரர் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கயிறு தானாக அறுந்தது என்று பொருள்.

துடுப்புப் படகு பின்தங்குகிறது. கனகு எழுந்து நிற்கிறான். இரண்டு கைகளையும் வாயருகே குவித்திருக்கிறான்.

"மச்சான்! அறு—"

மோட்டார்ச் சத்தம் மிச்சத்தை விழுங்கியது.

திரும்பிப் போவோம் என்று கத்தினேன். எரிபொருள் காணாது என்றார் முதலாம் அதிகாரி. வழியில் கப்பல் கண்டால் அனுப்புவோம். அவர்களிடம் பாய் இருக்கிறது. பின்னால் வருவார்கள். கடலில் ஒரு தீக்குச்சி அணையக் காற்று இல்லை. பாய் இருந்ததாம்.

ஐந்தாம் நாள் ஒரு போர்த்துக்கீசக் கரையோரக் கப்பல் எங்களை ஏற்றியது. துடுப்புப் படகைத் தேடினார்கள் என்று சொன்னார்கள். காணவில்லை என்றும் சொன்னார்கள். விசாரணை ஒன்று நடந்தது. நீண்ட மேசை. மூன்று அதிகாரிகள். எங்கள் படகில் இருந்த ஒவ்வொருவரும் உள்ளே போனார்கள். ஒவ்வொருவரும் 'பார்ட்டட்' என்றார்கள். கண்டாயா என்று என்னைக் கேட்டார்கள். காணவில்லை, சொல்லக் கேட்டேன் என்றேன். போதும் என்றார்கள்.

முதலாம் அதிகாரி எனக்கு நல்லவர். போருக்குப் பிறகு கொழும்புத் துறைமுகச் சமிக்ஞை நிலையத்தில் எனக்கு வேலை கிடைக்க அவர் ஒரு வார்த்தை சொன்னார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். ஆண்டுதோறும் டிசம்பரில் அவருக்கு நத்தார் வாழ்த்து அனுப்பினேன். கடைசியாக அனுப்பியது திரும்பி வந்தது. கட்டிலில் படுத்தபடி நிம்மதியாகப் போனாராம். அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை. அதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

ஊரில் கதை வேறு விதமாகப் போனது. ஐயர் வந்தார். அந்தியேட்டிக் கிரியைக்கு உடல் வேண்டாம், தர்ப்பையில் செய்யலாம், ஆனால் இறந்த திதி வேண்டும் என்றார். திதி தெரிந்தால்தான் ஆண்டுத் திவசம் செய்யலாம். பஞ்சாங்கம் பார்த்தோம். கயிறு போன காலை வைகாசித் தேய்பிறைப் பஞ்சமி. நான் அதைச் சொன்னேன். கனகுவின் தாய், என் மாமி, ஐயரை மறித்தார்.

"கயிறு அறுந்தா ஆள் செத்ததோ? கயித்துக்குத் திவசம் செய்யுங்கோ. என்ரை பிள்ளைக்கு வேண்டாம்."

அவரோடு வாதாட எனக்கு வழி இல்லை. அறுந்த கயிறு ஒருவரையும் கொல்லாது. காற்று வந்திருக்கலாம். பாய் ஏறியிருக்கலாம். ஏதாவது தீவில் இறங்கியிருக்கலாம். அவன் எந்தத் திதியில் செத்தான், செத்தானா என்பதே தெரியாது. மாமி திவசம் செய்யாமலே கண்ணை மூடினார். கனகுவின் தங்கை பூமணியை நான் கலியாணம் செய்தேன். மாமியின் பிடிவாதம் சீதனத்தோடு வந்தது. ஒவ்வொரு வைகாசியிலும் எங்கள் வீட்டில் அதே சண்டை. "பஞ்சமி வருது, ஏதாவது செய்வமே?" என்பேன். "கண்டனீங்களோ?" என்பாள். நான் காணவில்லை. சண்டை முடியும்.

பிறகு இன்னொரு போர் வந்தது. அது எங்கள் வீட்டுக் கூரைக்கே வந்தது. கூரை இல்லாத வீட்டைப் பூட்டிவிட்டு நானும் பூமணியும் ஜேர்மனிக்கு வந்தோம். மகள் வசந்தி முன்னமே கீல் நகரத்தில் இருந்தாள். அகதி விசாரணையில், நடந்ததை ஒழுங்காக, திகதியோடு சொல்லுங்கள் என்றார்கள். இந்த வேலை எனக்குப் புதிதல்ல. எந்தப் போரிலிருந்து தொடங்குவது என்பதுதான் பிரச்சினை.

1994. வசந்தியின் மாடிக் குடியிருப்பு. தொலைபேசி வாசற்கதவுக்குப் பக்கத்தில். கதவு திறந்து கிடக்கிறது. நான் ஊர்க்காரர் ஒருவரோடு கதைக்கிறேன். அவர் விடாமல் கதைக்கிறார். எனக்கு இருக்கிற வேலை ஒன்றுதான். "ஓம். ஓம். ஓமோம்."

மேல்மாடிக் கிழவர் உருளைக்கிழங்குப் பையோடு படியேறி வருகிறார். ஹெர் பீற்றர்ஸன். ஓய்வு பெற்ற மின்பொறியாளர். என் வயதுதான். என்னைப் பார்த்து நின்றார். சிரித்தார்.

"ஓம்? வோல்ற்! அம்பியர்!"

நான் தொலைபேசியை வைத்தேன். ஊர்க்காரர் இன்றுவரை கோபமாக இருக்கிறார்.

அந்தக் குரலைத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லமாட்டேன். சொற்களைத் தெரியும். அவை இருந்த ஒழுங்கைத் தெரியும். மாலை வகுப்பில் படித்த ஜேர்மனில் கேட்டேன். இந்தப் பகிடியை எங்கே படித்தீர்கள்? அவர் கிழங்குப் பையைக் கீழே வைத்தார். படிக்கவில்லை, கடலில் சொன்னேன் என்றார். ஆபிரிக்காவுக்குக் கிட்ட. உயிர்காப்புப் படகில் ஒரு கறுத்த பெடியன். எதைக் கேட்டாலும் ஓம் என்றான்.

ஒரு கேள்விக்குத்தான் அப்படிச் சொன்னேன் என்று திருத்தினேன்.

அவர் படியில் குந்திவிட்டார். ஒரு கிழங்கு உருண்டு கீழ்மாடிவரை போனது. ஒவ்வொரு படியிலும் அதன் சத்தம் கேட்டது.

அடுத்த ஞாயிறு அவர் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். என்னை, பூமணியை, வசந்தியை. கீலுக்குப் பக்கத்தில் ஒரு போர்க்கால நீர்மூழ்கியை மணலில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் வாசல் வெட்டியிருக்கிறார்கள். சனம் ஐஸ்கிறீம் முடித்துவிட்டு உள்ளே போகிறது.

உள்ளே ஒரு நீளமான குழாய். நடுவே நடைபாதை. முன்பக்கம் நான்கு டோர்பீடோக் குழாய்கள், பின்பக்கம் ஒன்று. படுக்கைகளுக்குக் கீழேயும் டோர்பீடோ. நடுவில் கட்டுப்பாட்டு அறை. பிறகு டீசல் அறை. மேலே ஓட டீசல், மூழ்கினால் மின்மோட்டார். மின்கலங்கள் தளத்துக்கடியில். போர் முடிந்து இந்தக் கப்பல் நோர்வே கடற்படையில் வேலை செய்தது. பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து மரியாதையோடு நிற்கிறது. அகதியாகப் போன இரும்புக்கு ஊர் திரும்பக் கிடைத்திருக்கிறது. நான் அதை வசந்தியிடம் சொன்னேன். மொழிபெயர்க்க மாட்டேன் என்றாள்.

மின்மோட்டார் அறையில் பீற்றர்ஸன் தடுப்புக் கம்பியில் கையை வைத்தார். போரில் அவருடைய இடம் இது. ஆனால் அவருடைய கப்பல் இந்த வகை அல்ல. இது அத்திலாந்திக்குக் கட்டிய சிறிய வகை. அவருடையது இதைவிட இருபது மீற்றர் நீளம். தூரக் கடலுக்கென்றே வரைந்தது. பெரிய டீசல் இரண்டு. சிக்கனமாக ஓடச் சிறிய டீசல் இரண்டு. ஆபிரிக்க முனையைச் சுற்றி எங்கள் சமுத்திரத்துக்கு வந்து, எண்ணெய் நிரப்பாமல் திரும்பலாம். நல்ல வடிவமைப்பு. அவர் அதைச் சொன்னபோது முகத்தில் ஒரு பெருமிதம். பிறகு யாரிடம் சொல்கிறேன் என்பது நினைவு வந்தது. முகத்தை மாற்றினார்.

பூமணி வசந்தியின் கையைத் தட்டினாள். "அவரிட்டைக் கேள். மற்றப் படகைக் கண்டவரோ எண்டு."

வசந்தி கேட்டாள். பீற்றர்ஸன் எங்களைப் பார்க்காமல் சுவரிலிருந்த அளவுமானிகளைப் பார்த்தபடி சொன்னார். வசந்தி துண்டு துண்டாகத் தமிழாக்கினாள்.

"மிச்ச டோர்பீடோவை வெளியிலைதான் வைச்சிருந்தவையாம். மேற்தளத்துக்குக் கீழை, குழாய்களுக்குள்ளை. உள்ளை இடம் காணாதாம். சுட்டு முடிஞ்சா, கடல் அமைதியா இருக்கேக்கை, கப்பலை நிப்பாட்டி, கப்பி பூட்டி ஒவ்வொண்டா உள்ளை இறக்கவேணுமாம். அண்டைக்கு விடிய அதுதான் செய்தவையாம். எல்லாரும் மேலை. அந்த நேரம் தாழவும் ஏலாதாம்."

அப்படியானால் அவர்கள் எங்களுக்குக் கிழக்கே கிடந்திருக்கிறார்கள். சூரியனுக்குள். எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு நாங்கள் துல்லியமாகத் தெரிந்திருப்போம். விடியல் வெளிச்சம் முழுவதும் எங்கள்மேல். கடற்படைத் தொலைநோக்கி. ஓம் சொன்ன பெடியனைப் பார்க்கப் பீற்றர்ஸன் அதைக் காவல்காரனிடம் இரந்து வாங்கினாராம்.

"பிறகு?" என்றேன்.

அவர் ஒரு வசனம் சொன்னார். வசந்தி, "கயிறு அறுந்ததாம் அப்பா" என்றாள். "உங்களுக்குத் தெரிஞ்சதுதானே."

நான் தலையாட்டினேன். ஆனால் அவர் சொன்ன சொல் எனக்குத் தெரியாத சொல். தானாக அறுந்தால் ஜேர்மனில் 'கெறிஸன்'. அதை வகுப்பில் படித்திருக்கிறேன். அவர் சொன்னது 'கெகாப்ற்'.

"கெறிஸன்?" என்று கேட்டேன்.

"நைன்." தலையை ஆட்டினார். "கெகாப்ற்."

விரல்களைச் சேர்த்தார். கையின் ஓரத்தைக் கோடரி ஆக்கினார். தடுப்புக் கம்பியில் அடித்தார். விரலில் மோதிரம் இருந்தது. இரும்பு ஒலித்தது.

டக். சற்றுப் பொறுத்து, டக்.

அந்த இடைவெளியை எனக்குத் தெரியும். ஐம்பத்தொரு வருடம் அதன்மேல் இருந்திருக்கிறேன்.

முதலாம் அதிகாரி. நான் ஓம் என்று சொல்லி ஒளித்துவைத்த ஆள், 'பார்ட்டட்' என்று முதலிற் கத்தியவர். எனக்குப் பின்னால் கோடரி எடுத்தார். இரண்டு வெட்டு. அறுந்த கயிற்றின் முனை துடைப்பம்போல விரியும். வெட்டிய முனை மொட்டையாக இருக்கும். எந்தப் பயிலுநருக்கும் தெரியும். அதனால்தான் நான் திரும்பியபோது எங்கள் பக்கத்தில் கயிறே இல்லை. முனை கடலுக்குள். ஒழுங்குமுறை அறிந்த மனிதர்.

சமையற்காரர் கண்டிருக்கிறார். எதிரே இருந்தவர். அதற்காகத்தான் கை நின்றது. மற்றவர்களும் கண்டிருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக மேசைக்கு முன் போய் ஒரே சொல்லைச் சொன்னார்கள். பொய் சொல்ல வேண்டியிராத ஒரே ஆள் நான். அதனால் நான்தான் மிகவும் நம்பத்தகுந்த சாட்சி.

கனகுவும் சொல்லியிருக்கிறான். எனக்கு மட்டும் விளங்கும் மொழியில். "மச்சான், அறு—" மோட்டார் விழுங்கிய எழுத்தை நான் போட்டு நிரப்பினேன். அறுந்தது. ஒரு ந். அவன் கத்தியது த்.

பிறகு உங்கள் கப்பல் ஏன் அவர்களை ஏற்றவில்லை என்று கேட்டேன். தப்பியவர்களை ஏற்றக்கூடாது என்று கட்டளை என்றார் பீற்றர்ஸன். கடைசி டோர்பீடோ இறங்கியதும் போய்விட்டார்களாம். கொஞ்ச நேரம் ஒருவரும் பகிடி விடவில்லையாம். அதைப் பெரிய விடயமாகச் சொன்னார். அவருக்கு அது பெரிய விடயமாக இருக்கலாம். அடுத்த பயணத்துக்கு முன் அவர் காய்ச்சலில் ஆசுப்பத்திரியில் படுத்தார். கப்பல் அவரில்லாமல் போனது. திரும்பவில்லை. அதில் போனவர்களை அவர் எண்ணட்டும். என்னிடம் என் எண்ணிக்கை இருக்கிறது.

எங்களைச் சுட்டவர்களில் ஒருவர் எனக்கு உண்மையைச் சொன்னார். எங்களோடு ஒரே பிஸ்கற்றைப் பங்கிட்டவர்கள் பொய் சொன்னார்கள். இதை எந்தப் பக்கத்தில் வைத்துக் கூட்டுவது என்று எனக்கு எந்த ஒழுங்குமுறையும் படிப்பிக்கவில்லை.

ஒன்று எழுதாவிட்டால் நானும் அந்த மேசைக்கு முன் பொய் சொன்னவனாவேன். கயிறு இருந்திருந்தால் எரிபொருள் சீக்கிரம் முடிந்திருக்கும். போர்த்துக்கீசக் கப்பலின் பாதைக்கு நாங்கள் போயிருக்க மாட்டோம். அந்தக் கோடரியால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். கணக்கு முதலாம் அதிகாரிக்குச் சரியாக வந்தது. அதற்குத்தான் நன்றியோடு வாழ்த்து அனுப்பியிருக்கிறேன் போலும்.

வசந்தி எதையோ சொல்லத் தொடங்கினாள். பூமணி கையை உயர்த்தினாள். அவளுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கிழவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் கம்பியின்மேல் இருந்தது.

"அறுத்தவங்களோ?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம்."

"உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது பூமணி."

என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பின்னால் சனம் வரிசையில் காத்து நின்றது. ஒரு குழந்தை ஐஸ்கிறீம் கேட்டு அழுதது. பிறகு பூமணி, "ஓம்" என்றாள். நம்புகிறேன் என்பதற்கு எங்கள் ஊரில் வேறு சொல் இல்லை.

வெளியே வந்தோம். பீற்றர்ஸன் சற்றுத் தள்ளி நின்றார். பூமணி மணலில் நின்று கடலைப் பார்த்தாள். அது வேறு கடல். கனகு அதைக் கண்டதே இல்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள். "பஞ்சமிதானே?"

விளங்கவில்லை.

"தேய்பிறைப் பஞ்சமிதானே அண்டைக்கு? அப்ப திதி சரி. அம்மா சொன்னதும் சரி. கயிறு அறுந்தா ஆள் சாகாது. அறுத்தாச் சாகும். அண்டைக்குத்தான் அவனைக் கொன்றவங்கள். மிச்ச நாள் அவன் எத்தினை நாள் கிடந்தாலும் அது கணக்கில்லை."

வைகாசித் தேய்பிறைப் பஞ்சமியில் திவசம் செய்தோம். கீலில் ஐயர் இல்லை. தூரத்திலிருந்து ஒருவரை வசந்தி காரில் கூட்டிவந்தாள். சாவுக்குக் காரணம் என்ன என்று சொல்ல என்று ஐயர் கேட்டார். பூமணி சொன்னாள். ஐயர் எள்ளைக் கையில் எடுத்தார். பிறகு தொடங்கினார். பீற்றர்ஸன் மேல்மாடியிலிருந்து கேக் செய்து கொண்டுவந்தார். படையலில் வைக்க ஏலாது என்று பூமணி சொல்லிவிட்டாள். திருப்பி அனுப்பவும் இல்லை.

இதை எழுதச் சொன்னவள் அவள்தான். "ந் போடாமல் எழுதுங்கோ" என்றாள். எழுதிவிட்டேன்.

கப்பலில் இருந்தவர்கள் அறுபத்திரண்டு பேர். டோர்பீடோவோடு போனவர்கள் ஐந்து. மோட்டார் படகில் ஏறிப் பிழைத்தவர்கள் பத்தொன்பது. அவர்களில் உண்மையைச் சொன்னவர் எவருமில்லை. துடுப்புப் படகில் விடப்பட்டவர்கள் முப்பத்தெட்டு. அவர்களில் என் மச்சான் ஒருவன். மற்ற முப்பத்தேழு பேரின் வீடுகளில் இன்னும் கயிறு தானாக அறுந்துகொண்டிருக்கிறது.